‘பயனில்லை’ என்று ஒதுக்கப்பட்ட எண்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



இன்றைய உரையை ஒரு தந்தை அனுப்பிய கேள்வியோடு தொடங்குகிறேன். அவருடைய மகள் அடுத்த ஆண்டு படிவம் 4-க்குச் செல்கிறாள். கூடுதல் கணிதம் எடுத்துப் படிக்க ஆசைப்படுகிறாள். “கடையில் சாமான் வாங்கவும் வங்கிக் கணக்கைப் பார்க்கவும் கூட்டல் கழித்தல் போதுமே! பகா எண், அடுக்கு என்று இவள் பேசுவதெல்லாம் வாழ்க்கையில் எங்கே பயன்படப் போகிறது?” என்று அவர் கேட்கிறார்.

நியாயமான கேள்விதான். பிள்ளையின் எதிர்காலத்தில் அக்கறை உள்ள தந்தைதான் இப்படிக் கேட்பார். இதற்கு உபதேசமாகப் பதில் சொல்லாமல், ஒரே ஓர் எண்ணின் வரலாற்றைச் சொல்கிறேன். அதைக் கேட்ட பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த எண் 2147483647. நம் முறையில் வாசித்தால் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இங்கே நாம் பழகிய முறையில் சொன்னால் 2.1 பில்லியனுக்குச் சற்று அதிகம்.

எப்படி வந்த எண்?

ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7, 11, 13 என்று அந்த வரிசை முடிவில்லாமல் செல்கிறது. முடிவே இல்லை என்பதை கிரேக்க அறிஞர் யூக்ளிட் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே நிரூபித்துவிட்டார்.

இனி 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரண்டுகளைப் பெருக்கினால் 4. ஒன்றைக் கழித்தால் 3. மூன்று இரண்டுகளைப் பெருக்கினால் 8. ஒன்றைக் கழித்தால் 7. ஐந்து இரண்டுகளைப் பெருக்கினால் 32; ஒன்றைக் கழித்தால் 31. மூன்றும் ஏழும் முப்பத்தொன்றும் பகா எண்கள். இதே போல 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைப்பதுதான் நாம் பேசும் 2147483647.

இத்தகைய எண்களைப் பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென் ஆராய்ந்தார். அதனால் இவற்றில் பகா எண்ணாக அமைபவற்றுக்கு ‘மெர்சென் பகா எண்கள்’ என்று பெயர்.

‘அப்படியானால் பகா எண் அளவுக்கு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் எப்போதும் பகா எண்தான் வருமா?’ என்று நீங்கள் கேட்கலாம். வராது. பதினொரு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒவ்வொன்றையும் சோதித்தே ஆகவேண்டும்.

மெர்சென் 1644-ஆம் ஆண்டில் ஒரு பட்டியல் வெளியிட்டார். 257 வரையிலான அடுக்குகளில் எவையெவை பகா எண் தரும் என்று அதில் குறிப்பிட்டார். 31-ஐச் சேர்த்தது சரி. ஆனால் 67, 257 ஆகியவற்றைச் சேர்த்தது தவறு. 61, 89, 107 ஆகியவற்றை விட்டதும் தவறு. அந்தப் பட்டியல் முழுமையாகச் சரிபார்க்கப்பட 300 ஆண்டுகள் ஆயின. பெரியவர் சொன்னார் என்பதற்காகக் கணிதம் எதையும் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆய்லர் செய்த சிக்கனம்

2147483647 பகா எண்தான் என்று நிரூபித்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த லியோன்ஹார்ட் ஆய்லர். 1772-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கடிதத்தில் அவர் இதை அறிவித்தார். அப்போது ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்தார். வயது 65-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. பார்வையோ ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை. பிறகு எப்படிச் செய்தார்?

ஓர் எண் வகுபடுமா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலம் 46,340-ஐச் சற்றுத் தாண்டுகிறது. அதுவரை நாலாயிரத்து எழுநூறுக்கும் அதிகமான பகா எண்கள் உள்ளன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுத்துக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் ஆகும். இடையில் ஒரு பிழை நேர்ந்தாலும் உழைப்பு வீண்.

ஆய்லர் வகுக்கத் தொடங்குவதற்கு முன் யோசித்தார். ‘இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஒன்று இருக்குமானால், அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?’ என்று கேட்டுக்கொண்டார்.

சிறிய எண்ணில் இதைப் பார்ப்போம். 7 என்ற பகா எண்ணை எடுத்து, ஒன்றில் தொடங்கி இரண்டு இரண்டாகப் பெருக்கி, 7-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். 1, 2, 4, அடுத்து 8. அதன் மீதி 1. மூன்று படிகளில் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம். இந்த 3 என்பது 7-இல் ஒன்று குறைந்த 6-ஐ மீதியின்றி வகுக்கிறது. இது தற்செயல் அல்ல. 2 தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், சுற்று முடியும் படிகளின் எண்ணிக்கை அந்தப் பகா எண்ணில் ஒன்று குறைந்ததை வகுக்கும். இது பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா கண்ட விதியிலிருந்து வருவது.

நம் எண்ணை ஒரு பகா எண் வகுக்கிறது என்றால், 31 முறை இரட்டிப்பாக்கியதும் மீதி மறுபடி 1 ஆகிவிடும். 31 பகா எண் என்பதால் சுற்று அதைவிடக் குறைந்த படிகளில் முடிய வழியில்லை. ஆகவே, அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது 31-ஆல் வகுபட்டே தீரவேண்டும். இது முதல் நிபந்தனை. அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது நிபந்தனை.

இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது 1 அல்லது 63 மீதி தரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்றாகிறது. நாலாயிரத்து எழுநூறு, ஏறக்குறைய எண்பதாகச் சுருங்கிவிட்டது! அவற்றில் முதலாவது 311. அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்தது 1303. மீதி 226. இப்படியே 46,340 வரை பார்த்தார், எதுவும் வகுக்கவில்லை. எண் பகா எண் என்று உறுதியாயிற்று.

சற்று முன் சொன்ன 2047-ஐ நினைத்துப் பாருங்கள். அதன் காரணிகள் 23, 89. ஒன்றைக் கழித்தால் 22, 88. இரண்டும் 11-ஆல் வகுபடுகின்றன. விதி அங்கேயும் நிற்கிறது.

கணிதம் என்றால் வேகமாகப் பெருக்குவது என்று பலர் எண்ணுகிறோம். ஆய்லர் காட்டியது வேறு. செய்யத் தேவையில்லாத வேலை எது என்று கண்டுபிடித்து, அதைத் தக்க காரணத்தோடு விட்டுவிடுவதும் கணிதம்தான்.

முழு எண்ணும் ஒரு கணிப்பும்

இந்தப் பகா எண்ணுக்கு இன்னொரு பெருமை உண்டு. 6 என்ற எண்ணைத் தன்னைவிடச் சிறியவையான 1, 2, 3 வகுக்கின்றன; மூன்றையும் கூட்டினால் 6. இப்படிப்பட்டவற்றை நிறைவெண்கள் என்பர். அடுத்தது 28. ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு நிறைவெண்ணைத் தரும் என்று யூக்ளிட் காட்டியிருந்தார். நம் எண்ணிலிருந்து கிடைப்பது 2305843008139952128 என்ற 19 இலக்க நிறைவெண்.

1811-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ எண்ணியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இந்த நிறைவெண்ணைக் குறிப்பிட்டு, இனி இதைவிடப் பெரியது கண்டுபிடிக்கப்படாது என்று எழுதினார். இவை விநோதமானவையே தவிரப் பயனுள்ளவை அல்ல. ஆகவே, இதற்கு மேல் தேட யாரும் முனையமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம்.

பார்லோ சாதாரணமானவர் அல்லர். அவர் தொகுத்த கணக்கு அட்டவணைகளைப் பொறியாளர்கள் நூறாண்டுக்கு மேல் பயன்படுத்தினர். அப்படிப்பட்டவர் சொன்ன கணிப்பில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இனி யாரும் தேடமாட்டார்கள். மற்றொன்று, இதனால் பயனில்லை. இரண்டும் என்னவாயின என்று பார்ப்போம்.

தேடல் நிற்கவில்லை

மெர்சென் தவறாகச் சேர்த்த 67-ஐப் பற்றி ஒரு நிகழ்வு உண்டு. 1903-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் ஃபிராங்க் கோல் என்பவர் கரும்பலகைக்குச் சென்றார். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்து எழுதினார். பக்கத்தில் 193707721-ஐயும் 761838257287-ஐயும் எழுதிக் கையாலேயே பெருக்கினார். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தன. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கைக்குத் திரும்பினார். அவையோர் கைதட்டினர் என்று சொல்லப்படுகிறது.

இதற்கிடையில் சோதிக்கும் முறையும் வளர்ந்தது. பிரான்ஸ் நாட்டு எடுவார்ட் லூக்காஸ் 1870-களில் கண்ட வழியை அமெரிக்கரான லேமர் பின்னர் செம்மைப்படுத்தினார். நாலில் தொடங்குங்கள். அதை அதாலேயே பெருக்கி இரண்டைக் கழியுங்கள். சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு திரும்பவும் அதையே செய்யுங்கள். 31-ஐச் சோதிப்போம். 4-இலிருந்து 14. அதிலிருந்து 194, அதன் மீதி 8. அதிலிருந்து 62, அதன் மீதி பூஜ்யம். பூஜ்யம் வந்தால் பகா எண். 31 ஐந்து இரண்டுகளால் ஆனது. அதற்கு இரண்டு குறைவாக, மூன்று படிகள். நம் 2147483647-க்கு 29 படிகள் போதும். ஆய்லரின் எண்பது வகுத்தல்கள் இருபத்தொன்பதாயின.

பகா எண்ணை உறுதிப்படுத்த இந்த முறை இன்றும் பயன்படுகிறது. 1996-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் ஆர்வலர்கள் தங்கள் கணினிகளை ஒன்றிணைத்து மெர்சென் பகா எண்களைத் தேடி வருகின்றனர். 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இத்தேடலில் 52-ஆவது மெர்சென் பகா எண் அறிவிக்கப்பட்டது. கண்டறிந்தவர் அமெரிக்காவின் லூக் டுரான்ட். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்த எண் அது. எழுதினால் 4 கோடியே 10 லட்சம் இலக்கங்களுக்கு மேல் வரும். ‘இனி யாரும் தேடமாட்டார்கள்’ என்ற பார்லோவின் கணிப்பு பொய்த்தது.

பயன் வந்த கதை

அடுத்தது, பயனில்லை என்ற கணிப்பு.

கணினிக்குள் எண்கள் திறந்து மூடும் விசைகளின் வரிசையாக வைக்கப்படுகின்றன. பல ஆண்டுகள் 32 விசைகள் கொண்ட வரிசையே வழக்கமாக இருந்தது. ஒன்று கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு. மற்ற 31 விசைகளையும் திறந்துவிட்டால் வரும் எண் 2147483647. அதற்கு மேல் ஒன்றைக் கூட்டினால் குறி மாறி, எண் மிகப் பெரிய கழித்தல் எண்ணாகிவிடும். பழைய காரின் கிலோமீட்டர் மானி 99999-க்குப் பின் பூஜ்யத்துக்குத் திரும்புவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-ஆம் ஆண்டில் ‘கங்னம் ஸ்டைல்’ என்ற கொரியப் பாடலைப் பார்த்தோர் எண்ணிக்கை இந்த எல்லையைத் தொட்டபோது, எண்ணி வைக்கும் இடத்தைப் பெரிதாக்கியதாக யூடியூப் அறிவித்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த எல்லைக்கும் அது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பில்லை. 31 இரண்டுகளின் பெருக்கத்துக்கு ஒன்று குறைவு என்பதால்தான் அது எல்லையாயிற்று. ஆனால், பகா எண்ணாக இருப்பதாலேயே அது செய்யும் வேலை வேறொன்று உண்டு.

ஒரு சாலைச் சந்திப்பில் சமிக்ஞை விளக்கை எத்தனை வினாடி வைக்கலாம்? வங்கியில் எத்தனை முகப்புகளைத் திறந்தால் வரிசை நீளாது? இவற்றைக் கணினியில் ஒத்திகை பார்க்கக் குலுக்கல் சீட்டு போன்ற எண்கள் கோடிக்கணக்கில் தேவை. கணினி குலுக்காது, கணக்குதான் போடும். 1969-ஆம் ஆண்டில் வெளிவந்து, 1988-ஆம் ஆண்டில் பார்க், மில்லர் ஆகிய இருவரும் குறைந்தபட்சத் தரமாகப் பரிந்துரைத்த வழி ஒன்று இருக்கிறது. கையிலுள்ள எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகு, மீதியே அடுத்த எண். ஒன்றில் தொடங்கினால் 16807, பிறகு 282475249, பிறகு 1622650073 என்று முன்பின் தொடர்பில்லாதவை போல வரும்.

பகா எண் எதற்கு? சிறிய எண்ணில் பாருங்கள். 7-ஐ வைத்து 3-ஆல் பெருக்கிச் சென்றால் மீதிகள் 1, 3, 2, 6, 4, 5, பிறகு 1. ஆறு எண்களும் ஒவ்வொரு முறை வந்துவிட்டன. அதுவே பகா எண் அல்லாத 8-ஐ வைத்து 2-ஆல் பெருக்கினால் 1, 2, 4, பிறகு பூஜ்யம். அங்கேயே நின்றுவிடும். பகா எண்ணில் அந்த ஆபத்து இல்லை. 16807 என்பது ஐந்து ஏழுகளின் பெருக்கம்; நன்கு பொருந்துமாறு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதனால் 1 முதல் 2147483646 வரை ஓர் எண்ணும் விடுபடாமல், ஓர் எண்ணும் இருமுறை வராமல் வந்த பிறகே சுற்று முடிகிறது. இந்த உத்தரவாதத்தைத் தருவது ஆய்லர் பயன்படுத்திய அதே சுற்று விதிதான்.

ஒத்திகைக்குத்தான் இது பொருந்தும். இரகசியம் காக்க உதவாது. ஓர் எண் தெரிந்தால் அடுத்ததைக் கணக்கிட்டுவிடலாம். இணைய வங்கிச் சேவையில் நம் பணத்தைக் காக்கும் ஆர்எஸ்ஏ போன்ற பூட்டுகளுக்கு 300 இலக்கங்களைத் தாண்டும் இரண்டு பகா எண்கள் தேவை. அவற்றைப் பெருக்குவது எளிது. பெருக்கியதைப் பிரிப்பது கடினம். கோல் கரும்பலகையில் சில நிமிடங்களில் பெருக்கிக் காட்டியதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று சொல்வார்களே, பூட்டின் சூட்சுமம் அதுதான்.

2038, ஜனவரி 19

கடைசியாக, நம் வீட்டு வாசலுக்கே வரும் செய்தி. பல கணினிகள் நேரத்தை வினாடிகளாக எண்ணுகின்றன. தொடக்கம், கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவு. அப்போது கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் கடிகாரம் காலை 7.30 காட்டியது, நாம் அரைமணி நேரம் முன்னே நகர்ந்தது 1982-இல்தான்.

அந்த எண்ணிக்கை 2147483647-ஐத் தொடும் நாள் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. நம் நேரப்படி காலை 11 மணி 14 நிமிடம் 7 வினாடி. அடுத்த வினாடியில், திருத்தப்படாத 32 விசைக் கருவி எண்ணைக் கவிழ்த்து, தேதியை 1901 டிசம்பர் 13 என்று எடுத்துக்கொள்ளும்.

பயப்பட வேண்டியதில்லை. புதிய கணினிகளும் கைத்தொலைபேசிகளும் 64 விசைகளுக்கு மாறிவிட்டன. அவற்றின் எண்ணிக்கை 29,000 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும். ஆனால், பொருத்திவிட்டு யாரும் திரும்பிப் பார்க்காத சிறு கருவிகளும் பழைய மென்பொருள்களும் இருக்கின்றன. அந்த நாள் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2010-இல் வாங்கிய 30 ஆண்டு வீட்டுக் கடனின் கடைசித் தவணை 2038-ஐத் தாண்டித்தான் வருகிறது. அந்தத் தேதியைக் கணக்கிடும் நிரலுக்குச் சிக்கல் கடன் தொடங்கிய அன்றே தொடங்கிவிடும். எவை திருத்தப்பட்டன, எவை விடுபட்டன என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சரிபார்க்க ஆட்கள் வேண்டும்.

தந்தைக்குப் பதில்

ஐயா, ஆய்லர் இந்த எண்ணைச் சோதித்தபோது கணினி என்ற பொருளே இல்லை. ‘இதனால் பயன் உண்டா?’ என்று அன்று கேட்டிருந்தால், அவராலும் இவற்றில் எதையும் சொல்லியிருக்க முடியாது. பார்லோவைப் போன்ற அறிவாளியே பயனில்லை என்றுதான் கருதினார். உண்மை நிரூபிக்கப்பட்டுக் காத்திருந்தது. தேவை பிறகு வந்தது.

உங்கள் மகள் பகா எண்ணைத் தினமும் பயன்படுத்துவாள் என்று நான் வாக்குறுதி தரமாட்டேன். ஆனால், சொன்னதை அப்படியே நம்பாமல் சோதித்துப் பார்க்கவும், நாலாயிரம் வகுத்தல்களை எண்பதாகக் குறைக்கவும் கற்றுக்கொள்வாள். 2038 ஜனவரி மாதம் அவள் வேலை பார்க்கும் வயதில் இருப்பாள். அன்று காலை 11.14-க்கு ஏதோ ஓர் அலுவலகத்தில் ஒரு கருவி நின்றுபோனால், ‘ஏன்?’ என்று புரிந்துகொள்ளக்கூடியவர் அங்கே ஒருவராவது இருக்க வேண்டும். அது அவளாக இருக்கலாம்.

அவள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள். எடுத்துப் படிக்கட்டும். இன்றிரவே அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, 127-ஐ லூக்காஸ் முறையில் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏழு இரண்டுகளால் ஆனது, ஐந்து படிகள்தான். நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். பூஜ்யம் வருகிறதா என்று இருவரும் சேர்ந்தே பாருங்கள்.